மூன்று பழைய சேலையில் ஒரு வீட்டின் திரைகள்: துணிக் கணக்கு

ஆயத்தத் திரைச்சீலை வாங்குவதைவிடப் புதுத் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்தால் பாதி செலவில் முடியும் என்று பலரும் நம்புகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு மிஞ்சுவதில்லை. கீழே சொல்லப்போகும் வீட்டுக்கு எல்லாவற்றையும் ஆயத்தமாக வாங்கினால் ₹3,834 ஆகிறது. புதுத் துணி எடுத்துத் தைத்தால் ₹3,369. மிச்சம் 465 ரூபாய்தான். கடைக்கும் தையற்கடைக்கும் அலைந்த பஸ் கட்டணமும் அதில்தான் போக வேண்டும். அதே வீட்டுக்குப் பீரோவில் மடிந்து கிடக்கும் மூன்று பருத்திச் சேலைகளை எடுத்தால் ₹1,474. நாமே தைத்துக்கொண்டால் ₹834.

வீடு சாதாரண வாடகை வீடு: ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. 4 அடிக்கு 4 அடி ஜன்னல் மூன்று, 3 அடிக்கு 7 அடி உள்வாசல் இரண்டு. திவானில் போட 16 அங்குலக் குஷன் நான்கு. விலைகள் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும் என்பதால், கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

44 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) பருத்தித் துணி, மீட்டர்: ₹120
90 அங்குலப் பன்னா (பெட்ஷீட் துணி), மீட்டர்: ₹200
ஜன்னல் திரை தையற்கூலி, ஒரு பாகத்துக்கு: ₹60
வாசல் திரை தையற்கூலி: ₹80
ஜிப் இல்லாத குஷன் உறை தையற்கூலி: ₹30
பஞ்சு அடைத்த குஷன், ஒன்று: ₹130
ஸ்பிரிங் கம்பி, அடிக்கு: ₹12
கொக்கி, ஒன்று: ₹5
ஆயத்த ஜன்னல் திரை, ஜோடி: ₹600
ஆயத்த வாசல் திரை, ஒன்று: ₹400
ஆயத்தக் குஷன் உறை, ஒன்று: ₹100

இதில் வரியை நான் தனியாகச் சேர்க்கவில்லை. துணிக்கு ஜிஎஸ்டி 5%. ஆயத்தத் திரைக்கும் உறைக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி ₹2,500 வரை அதே 5%தான். நாம் பேசுகிற விலையில் வரியால் எந்தப் பக்கமும் சாய்வு வராது.

ஒரு தையல்காரர் நம் துணியைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது பன்னாவைத்தான். மீட்டர் விலை அதற்கப்புறம். 4 அடி ஜன்னல் என்றால் ஏறத்தாழ 120 செ.மீ. அகலம். திரை சுருக்கங்களோடு அழகாகத் தொங்க வேண்டுமானால் துணியின் அகலம் ஜன்னலைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். இரண்டு மடங்கு இருந்தால் நிறைவாக இருக்கும். அதாவது 180 முதல் 240 செ.மீ. வரை. உயரத்துக்கு, கம்பி ஜன்னலுக்கு மேலே 10 செ.மீ., துணி கீழே 15 செ.மீ. இறங்கினால் 145 செ.மீ. வரும். மேலே கம்பி நுழையும் மடிப்புக்கு 10, அடிமடிப்புக்கு 10 சேர்த்தால் வெட்ட வேண்டிய நீளம் 165 செ.மீ.

இப்போது சேலையை எடுங்கள். ரவிக்கைத் துணி நீங்கலாக நீளம் 5.5 மீட்டர், பன்னா ஏறத்தாழ 115 செ.மீ. மூன்று 165 வெட்டினால் 495 செ.மீ. போகும், 55 செ.மீ. மிஞ்சும். ஒரு ஜன்னலுக்கு இரண்டு பாகம் தொங்கவிட்டால் 230 செ.மீ., அதாவது ஜன்னலின் அகலத்தைப்போல் 1.9 மடங்கு. திரைக்கென்றே நெய்ததுபோல் பொருந்துகிறது. இரண்டு சேலையில் ஆறு பாகம், மூன்று ஜன்னல்.

ஒரே ஒரு சிக்கல், ஒரு சேலையில் மூன்று பாகம்தான் வரும்; ஜன்னலுக்கு இரண்டு வேண்டும். மூன்றாவது ஜன்னலில் ஒரு பாகம் ஒரு நிறமும் மறுபாகம் வேறு நிறமுமாக வந்து நிற்கும். அதற்கு மூன்று ஜன்னலிலுமே இடப்பக்கம் ஒரு சேலை, வலப்பக்கம் மற்றொன்று என்று போட்டுவிடுவதுதான் வழி. மாம்பழ மஞ்சளும் அரக்கும், கரும்பச்சையும் கத்தரிப்பூ நிறமும் என்று கரை ஒத்துப்போகிற இரண்டைத் தேர்ந்தெடுத்தால், யோசித்து அமைத்ததுபோலவே இருக்கும். என் கண்ணுக்கு ஒரே நிற ஜோடியைவிட இதுதான் அழகு.

சேலையின் இன்னொரு லாபம் தையலில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கரை இருப்பதால் பக்கவாட்டில் ஓரம் அடிக்க வேண்டியதில்லை, பிசிறு வராது. ஒரு பாகத்துக்கு மேலே ஒரு தையல், கீழே ஒரு தையல், இரண்டும் சேர்ந்து 2.3 மீட்டர். ஆறு பாகத்துக்கு 13.8 மீட்டர். கரை இல்லாத துணியாக இருந்தால் பக்கவாட்டுக்கு மட்டும் இன்னொரு 19.8 மீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது சேலை வாசல்களுக்கு. 7 அடி வாசலுக்கு மடிப்புகளோடு 230 செ.மீ. வெட்ட வேண்டும். இரண்டு வெட்டினால் 460 போக 90 செ.மீ. மிஞ்சும். 3 அடி வாசலில் 115 செ.மீ. பன்னா 1.3 மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஜன்னலளவு சுருக்கம் வராது. ஆனால் வாசல் திரையை நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டு நடக்கிறோம். சுருக்கம் குறைந்தால் கைக்குத் தடையில்லை.

அடுத்தது குஷன் உறை. ஜிப் வைத்தால் கூலியும் கூடும். பழைய துணியில் ஜிப் இழுக்கும் இடம்தான் முதலில் கிழியும். தலையணை உறைபோல் பின்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் மடிப்பே போதும். 16 அங்குலக் குஷனுக்கு முன்பக்கம் 41 செ.மீ., பின்பக்கம் 41, மேலேறும் பகுதி 15, இரு முனை மடிப்புக்கு 4, மொத்தம் 101 செ.மீ. நீளம், அகலம் 43. இந்த 101 செ.மீ.யைச் சேலையின் பன்னாவுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். 55 செ.மீ. மிஞ்சிய இரண்டு சேலைகளிலும் ஒவ்வோர் உறை, 90 செ.மீ. மிஞ்சியதில் இரண்டு. மொத்தம் நான்கு. இந்த மிச்சங்கள் முந்தானைப் பக்கமாக அமையும்படி, வெட்டுவதை உள்முனையிலிருந்து தொடங்குங்கள். சேலையில் நெசவாளர் அதிக வேலை செய்திருப்பது முந்தானையில்தான். அது திரையின் சுருக்கத்துக்குள் மறைவதைவிடக் குஷனில் கண்ணுக்குத் தெரிவது நல்லது. பின்பக்க மேல்மடிப்பில் கரை வரும்படி வைத்தால் அந்த முனைக்கு மடித்து அடிக்கும் வேலையும் குறையும்.

கூட்டிப் பார்ப்போம். மூன்று சேலையின் பரப்பு 18.97 சதுர மீட்டர். ஜன்னலுக்கு 11.39, வாசலுக்கு 5.29, உறைக்கு 1.74. பயன்பட்டது 18.42. நூற்றுக்கு 97 பங்கு துணி உபயோகமாகிவிட்டது. புதுத் துணியில் இந்த விகிதம் வருவது அபூர்வம்.

ஆனால் இது முழுச் சேலைக்கான கணக்கு. பழைய சேலை முழுவதும் ஒரே பலத்தில் இருக்காது. கத்தரி வைக்குமுன் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு பேர் பிடித்து ஒரு கஜம் ஒரு கஜமாக நகர்த்திப் பாருங்கள். கொசுவம் சொருகிய இடத்தில் நூல் விலகி, சல்லடைபோல் வெளிச்சம் வரும். இடுப்பில் பின் குத்திய இடத்தில் சிறு துளை இருக்கும். ஃபால்ஸ் பிரித்தால் இன்னொன்று தெரியும். ஃபால்ஸ் என்பது உள்முனையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளத்துக்கு, ஒரு சாண் அகலம்கூட இல்லாத பட்டை. பல ஆண்டுகள் மூடிக் கிடந்ததால் அதன் அடியில் நிறம் மங்காமல் இருக்கும். பிரித்ததும் அடர்நிறப் பட்டை ஒன்று கோடு போட்டதுபோல் துணியின் உட்புறம் நிற்கும். முதல் பாகமும் இரண்டாம் பாகத்தின் பாதியும் இதில் சிக்கும். அந்தப் பக்கத்தைத் தெருவைப் பார்த்துத் திருப்பிவிட்டால் போதும்; இல்லையென்றால் ஃபால்ஸைப் பிரிக்காமல் அப்படியே விடலாம், அந்தக் கனத்துக்குத் திரை நேராகத் தொங்கும். நூல் விலகிய இடம் நடுவில் வந்தால் அந்தச் சேலையிலிருந்து ஒரு பாகம் குறையும் என்று எடுத்துக்கொண்டு நாலாவது சேலையைத் தேட வேண்டியதுதான். நைந்த துணியில் தையற்கூலியைப் போடாதீர்கள்.

அம்மாவின் சேலை, பாட்டியின் சேலை என்று வெட்ட மனம் வராத துணிகள் எல்லா வீட்டிலும் உண்டு. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க நான் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கிற சேலைகள் வேறே இருக்கும்.

செலவுப் பட்டியல் இது. தையற்கூலி: ஆறு பாகம் ₹360, வாசல் இரண்டு ₹160, உறை நான்கு ₹120, ஆக ₹640. குஷன் நான்கு ₹520. கம்பி: ஜன்னலுக்கு 5 அடி வீதம் 15 அடி, வாசலுக்கு மூன்றரை அடி வீதம் 7 அடி, மொத்தம் 22 அடிக்கு ₹264, கொக்கி பத்துக்கு ₹50. கூட்டினால் ₹1,474. இதில் துணியின் பங்கு சுழியம். கூலி 43%, உள்ளடைப் பஞ்சு 35%, கம்பியும் கொக்கியும் 21%. துணியைச் சுற்றியுள்ள சாமான்கள்தான் பணத்தை எடுக்கின்றன.

கம்பியில் ஒரு பகுதியை அடித்துவிட முடியுமா என்று பார்க்க, துணியின் எடையைக் கணக்கிடலாம். பருத்திச் சேலை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிராம். ஒரு ஜன்னலின் இரண்டு பாகமும் சேர்ந்து 3.8 சதுர மீட்டர். எடை 340 கிராம்தான். ஸ்பிரிங் கம்பியைச் சற்றுக் குறைத்து வெட்டி, இழுத்து மாட்டினால் இந்தப் பாரத்துக்குத் தொய்யாது. 250 கிராம் கனமுள்ள சோபாத் துணியில் அதே திரையைத் தைத்தால் ஒரு கிலோவை நெருங்கும். அதற்குக் குழாய் ராடும் பிராக்கெட்டும் சுவரில் துளையும் வேண்டும். வீட்டுக்காரரிடம் அனுமதியும் கேட்க வேண்டும். மெல்லிய துணி எடுத்தால் மாட்டும் செலவும் சேர்ந்தே இறங்குகிறது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன கொக்கிகள் பல வாடகை வீடுகளில் இருக்கும். அவை இருந்தால் ₹50 கழித்துக்கொள்ளுங்கள்.

குஷன் பஞ்சில் மிச்சம் பிடிக்கக் கந்தல் துணியை அடைப்பது வழக்கம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கட்டி கட்டியாகும், கனக்கும், மழைக்காலத்தில் வாடை வரும். வீட்டில் பழைய இலவம் பஞ்சுத் தலையணை இருந்தால் பிரித்து இரண்டாகப் பங்கிட்டு அடைக்கலாம். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் ஏலக்காய்க்கு மட்டுமல்ல, இலவம் பஞ்சுக்கும் பேர்போன ஊர். அங்கே தலையணைப் பஞ்சு எடை போட்டு வாங்கலாம். இலவம் பஞ்சைத் தண்ணீரில் போடக் கூடாது. வெயிலில் காயவைத்து, கையால் உதிர்த்து, மறுபடி அடைக்க வேண்டும்.

கூலியான ₹640 கைக்கு வருமா என்பதற்குத் தையலின் நீளத்தை எண்ணிப் பார்க்கலாம். ஜன்னல் 13.8 மீட்டர், வாசல் 4.6, உறைகள் 6.7, மொத்தம் 25 மீட்டர் தையல். மீட்டருக்கு ஏறத்தாழ ₹25 கொடுக்கிறோம். அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்றால் சுமார் 10,000 தையல். மோட்டார் வைத்த வீட்டு மெஷின் நிமிடத்துக்கு 800 தையல் ஓடினால், ஊசி ஓடும் நேரம் கால் மணியைத் தாண்டாது. நூல், மேலும் பாபினுமாகத் தையலைப்போல் மூன்று மடங்கு, 75 மீட்டர். நேரத்தைத் தின்பது மற்றதெல்லாம்: துவைத்து உலர்த்துவது, இஸ்திரி போடுவது, சாக்குக்கட்டியால் கோடு போடுவது, மடித்துப் பின் குத்துவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். அந்த வேலை பிடித்தவருக்கு ₹640 மிச்சம். பிடிக்காதவருக்கு அந்தத் தொகை தெருமுனைத் தையல்காரருக்கு நியாயமான வருமானம். மீட்டருக்கு 25 ரூபாயைப் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம். இஸ்திரியும் பின் குத்துவதும் அவர் கணக்கிலும் அதே நேரத்தைத்தான் தின்கின்றன.

இதற்காகவே மெஷின் வாங்குவது கட்டுப்படியாகாது. ₹6,400க்கு ஒரு மெஷின் என்று வைத்தால், இப்படிப் பத்து வீட்டுக்குத் திரை தைத்தால்தான் போட்ட பணம் திரும்பும்.

வீட்டில் சேலையே இல்லை, புதுத் துணிதான் எடுக்க வேண்டும் என்றால், பன்னா மறுபடி முக்கியமாகிறது. புதுப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். நீளவாட்டில், பாவு ஓடும் திசையில், சுருக்கம் கூடுதல். ஊடை வாட்டில் குறைவு. 5% சேர்த்தால் 165 செ.மீ. 173 ஆகிறது, 230 என்பது 242. பதப்படுத்தாத காடாத் துணியென்றால் 10% வரைகூடச் சுருங்கும். கூடுதலாக எடுத்து, தைக்குமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தியே தீர வேண்டும்.

44 அங்குலப் பன்னா 112 செ.மீ. மூன்று ஜன்னலுக்கு 10.4 மீட்டர், இரண்டு வாசலுக்கு 4.8, உறைக்கு 2.1, மொத்தம் 17.3 மீட்டர், விலை ₹2,080. 90 அங்குலப் பன்னா 228 செ.மீ. ஒரு நீளத்தை நடுவில் பிளந்தால் ஜன்னலின் இரண்டு பாகமும் வந்துவிடும். ஜன்னலுக்கு 5.2 மீட்டர், வாசலுக்கு 2.4, உறைக்கு 1.06 (இதில் ஓர் உறை உபரி). மொத்தம் 8.7 மீட்டர், ₹1,735. மீட்டர் விலையில் 80 ரூபாய் அதிகமாகத் தெரிந்த துணி மொத்தத்தில் ₹345 குறைவு. சதுர மீட்டராக்கிப் பார்த்தால் விளங்கும்: 44 அங்குலத் துணி ₹107, 90 அங்குலத் துணி ₹88. பிளந்த ஓரங்களை மடித்தடிக்கத் திரைக்கு ₹20 வீதம் எட்டுக்கு ₹160 கூடுதல் கூலி போனாலும் ₹185 கையில் நிற்கிறது. முன்னே சொன்ன ₹3,369 இந்த வழியில் வந்ததுதான். 44 அங்குலத்தில் போனால் ₹3,554. ஆயத்தத்துக்கும் அதற்கும் இடைவெளி 300 ரூபாய்கூட இல்லை.

மீட்டராக எடுக்காமல் ஆயத்தப் பெட்ஷீட்டையே வெட்டுவதும் நல்ல வழி. 90க்கு 108 அங்குல டபுள் பெட்ஷீட் 228க்கு 274 செ.மீ. அதில் 165 செ.மீ. ஒரு ஜன்னலுக்கு எடுத்துக்கொண்டால் மீதி 228க்கு 109. அதில் 43க்கு 101 அளவில் ஐந்து உறை வரும். ஒரு ஜன்னலும் ஐந்து குஷனும் ஒரே பெட்ஷீட்டில். கரூர், சென்னிமலைப் பக்கம் போகிறவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஈரோட்டுக் கனி மார்க்கெட்டில் திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தையிலும் பெட்ஷீட் துணி கிடைக்கும்.

சந்தையில் கட்பீஸைக் கிலோ கணக்கிலும் விற்பார்கள். கிலோ ₹300 என்றதும் மலிவு என்று தோன்றும். சதுர மீட்டருக்கு 120 கிராம் உள்ள துணியில், 44 அங்குலப் பன்னாவானால், ஒரு கிலோவுக்கு 7.4 மீட்டர் வரும். மீட்டர் 40 ரூபாய், உண்மையிலேயே மலிவு. 250 கிராம் துணியில் 3.6 மீட்டர்தான்; மீட்டர் 84 ரூபாய். அதோடு துண்டு ஒவ்வொன்றும் 165 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் திரைக்கு உதவாது; உறைக்கு மட்டும் ஆகும். கையில் டேப் இல்லாமல் கிலோத் துணிக் கடைக்குள் போகாதீர்கள்.

மேற்கு பார்த்த ஜன்னலுக்கு மட்டும் தனி யோசனை வேண்டும். மாலை வெயில் சாயத் துணியை வெளுக்கச் செய்துவிடும். பழைய எட்டு முழ வேட்டி 3.66 மீட்டர், நடுவில் வெட்டினால் 183 செ.மீ. நீளத்தில் இரண்டு பாகம், அதாவது ஒரு ஜன்னலுக்குச் சரியாக ஒரு வேட்டி. அதைச் சேலைக்குப் பின்னால், தெருப்பக்கமாக, அதே கம்பியில் கோத்துவிட்டால் வெயிலை முதலில் வேட்டி வாங்கிக்கொள்ளும். படுக்கையறையில் வேட்டியை மட்டுமே தொங்கவிட்டாலும் அழகுதான். விடியற்காலை வெளிச்சம் அந்த வெள்ளையில் வடிந்து வருவதற்கு எந்த விலையுயர்ந்த நெட் துணியும் ஈடாகாது.

சாயம் போகுமா என்று தெரிய, ஈர வெள்ளைத் துணியால் சேலையின் உள்மூலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சேலையை வேட்டியோடு சேர்த்துத் துவைக்க முடியாது. கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி இரண்டையும் ஒரே பக்கெட்டில் போட வேண்டாம்.

பழைய சேலையைக் கிழித்துப் பின்னி மிதியடி செய்வதை மலிவான கைவேலை என்று எல்லாரும் சொல்கிறார்கள். 4 செ.மீ. பட்டையாகக் கிழித்தால் ஒரு சேலையில் 28 பட்டை, 154 மீட்டர். அத்தனையையும் மூன்று புரியாகப் பின்னி, சுருட்டி, கையால் தைக்க நாட்கணக்காகும். நைந்துபோய் வேறெதற்கும் ஆகாத சேலைக்கு மட்டும் இது சரி.

தரைக்கும் திவானுக்கும் நான் சொல்வது பவானி ஜமக்காளம். இது வீட்டுத் துணியில் ஆகிற காரியம் அல்ல, தறியில்தான் ஆகும். புவிசார் குறியீடு பெற்ற நெசவு அது. தடித்த பருத்தி நூலில், அகன்ற நிறப் பட்டைகளாக, வருடக்கணக்கில் உழைக்கும். சேலைத் திரைக்கும் ஆயத்தத் திரைக்கும் இடையே நின்ற ₹2,360இல் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால், வீட்டில் ஒன்றாவது புதிதாக நெய்ததாக இருக்கும். கோ-ஆப்டெக்ஸ் தீபாவளியையொட்டி 30% தள்ளுபடி கொடுக்கும்போது பார்த்து வாங்கலாம்.

இனி அந்த 3% மிச்சத் துணி. ஜன்னல் சேலை ஒவ்வொன்றிலும் 12 செ.மீ. அகலத்தில் 115 செ.மீ. நீளப் பட்டை ஒன்று நிற்கிறது. அதை இரண்டாக வெட்டி, நீளவாட்டில் மடித்துத் தைத்துப் புரட்டினால் 5 செ.மீ. அகலத்தில் திரையை ஒதுக்கிக் கட்டும் பட்டை இரண்டு. இரு சேலைக்கு நான்கு. வாசல் சேலையில் மிஞ்சும் 14க்கு 86 செ.மீ. துண்டில் இன்னும் இரண்டு. மூன்று ஜன்னலின் ஆறு பாகத்துக்கும் ஆறு பட்டை ஆயிற்று. பிறகு 43க்கு 14 அளவில் இரண்டு துண்டு இருக்கும். இரண்டையும் நாலாக மடித்து ஓரம் தைத்தால் சமையலறைக்குப் பிடிதுணி. அது சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். சந்தேகமானால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள்: பருத்தி காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும்.